மூக்கு ஒழுகாத ஃப்ளூ

பினாங்கில் ஒருவர் கவுண்டருக்கு வந்து "எனக்கு ஃப்ளூ" என்று சொன்னால், பெரும்பாலும் அவருக்கு ஃப்ளூ இருக்காது. இதை உங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சொல்லித் தரக்கூடிய விஷயமும் இல்லை. இங்கே நின்று நாலு பேர் பேசுவதைக் கேட்டால்தான் காதில் ஏறும்.

நம் ஊரில் ஃப்ளூ என்றால் மூக்கு ஒழுகுவது. அவ்வளவுதான். மலாய்க்காரர் சொன்னாலும், சீனர் சொன்னாலும், நம்மவர் சொன்னாலும் ஒரே அர்த்தம். ஏர்கான் அறையில் உட்கார்ந்து இரண்டு தும்மல் போட்டால் ஃப்ளூ. மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் வந்தால் ஃப்ளூ. டுரியான் தின்றுவிட்டுத் தொண்டை கட்டினால்கூட ஃப்ளூ என்று சொல்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் புத்தகத்தில் படித்த அந்த இன்ஃப்ளுவென்சா வந்து, எலும்பெல்லாம் நொறுங்கிய மாதிரி படுத்துக் கிடப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார். "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "காய்ச்சல் அடிக்குது" என்பார். மூக்கு ஒழுகவில்லையே, பிறகு எப்படி ஃப்ளூ என்பார்?

இதைச் சொன்னால் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல காலம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி வந்த நாளுக்குப் பிறகு என்னால் சிரித்துக்கொண்டே இதைச் சொல்ல முடிந்ததில்லை.

என் வேலைக்காலம் முழுவதையும் ஜார்ஜ் டவுனில் ஒரே மருந்துக் கடையில் கழித்தவள் நான். மருந்துக் கடை வேலைக்குப் புதிதாக வரும் நீங்கள், ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளைப் பிடித்து, அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயரும் அளவும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போதாததற்குக் கையில் போன் வேறு இருக்கிறது. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். சளிக்கும் ஃப்ளூவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். அவள் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் பலரை மறந்த பிறகும் அவளை மறக்கவில்லை.

கோவிட் ஓய்ந்து, முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட சந்தோஷத்தில் ஊர் இருந்த காலம். கஸ்தூரி எங்கள் கடைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தாள். கணவன் முரளி பாலத்தைத் தாண்டி புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்போதுதான் உண்டாகியிருந்தாள். வீட்டில் சோதித்துப் பார்க்கும் குச்சியை என்னிடம்தான் வாங்கினாள். மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து வெளியே நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கோடு. உள்ளே வரக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. அன்று நானும் அவளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தோம்.

அதற்குப் பிறகு மாதாமாதம் சத்து மாத்திரைக்கு வருவாள். ஒருமுறை அவளிடம், கர்ப்பமாக இருப்பவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது, கிளினிக்கில் கேட்டுப் பார் என்று சொன்னேன். "என்னக்கா நீங்க, மூக்கு ஒழுகுறதுக்கெல்லாமா ஊசி போடுவாங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். நான் விளக்கினேன். தலையாட்டினாள். போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து கடையில் கூட்டம் வரிசை பிடித்திருந்தது. கஸ்தூரி முறை வந்தபோது முகம் மலர்ந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஃப்ளூ மருந்து குடுங்கக்கா."

"டாக்டர்கிட்ட போனாரா?"

"காலையில போனாரு. ரெண்டு நாளா நல்ல காய்ச்சல். கோவிட்டா இருக்குமோன்னு வீட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், ஒரு கோடுதான். கிளினிக்லயும் மூக்குல குச்சி விட்டுப் பாத்துட்டு ஃப்ளூதான்னு சொல்லிட்டாங்க. எம்.சி. லீவு குடுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லியாச்சு. நான்தான் சும்மா பயந்து செத்தேன். ஃப்ளூதான்லா அக்கா!"

"மருந்து குடுக்கலையா?"

"ஏதோ கேப்சூல் குடுத்தாங்க. ஃப்ளூவுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மருந்துன்னு அவர் போடல. மூக்குக்குன்னு ஒண்ணுமே குடுக்கலக்கா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. கிளினிக்கில் சோதித்து, இன்ஃப்ளுவென்சா என்று கண்டு, அதற்கான மருந்தையே சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். "ஃப்ளூ" என்ற சொல் டாக்டரின் வாயிலிருந்து புறப்பட்டபோது ஒரு நோயாக இருந்தது. முரளியின் காதுக்குள் போனபோது மூக்குச்சளி ஆகிவிட்டது. முதலில் அந்தக் கேப்சூலை உடனே போடச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன்.

கவுண்டரின் விளிம்பைப் பிடித்திருந்தாள். சாய்ந்து நிற்பவர்கள் கை வைக்கிற மாதிரி இல்லை. விட்டால் விழுந்துவிடுவேன் என்பவர்கள் பிடிக்கிற பிடி.

"நீ எப்படிம்மா இருக்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. லேசா உடம்பு வலி, வயித்தைத் தூக்கிட்டு நடக்கிறேன்ல. ஃப்ளூ எனக்கு ஒட்டல. பாருங்க, மூக்கே ஒழுகல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஃப்ளூ இல்லை, மூக்கே ஒழுகவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவரால்தான் இப்படி நினைக்க முடியும். உலகத்தில் வேறு எங்காவது இருந்திருந்தால், கணவனுக்கு வந்ததே தனக்கும் வந்திருக்கிறதோ என்று அவள் பயந்திருப்பாள். இங்கே பிறந்து வளர்ந்ததால், மூக்கைத் தொட்டுப் பார்த்து நிம்மதியாக இருந்தாள்.

நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். நீங்களும் அதையே கேளுங்கள். என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் நோயின் பெயரைச் சொல்வார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள்.

"நேத்து சாயங்காலம்கா. துணி காயப் போட்டுட்டு இருந்தேன். பாதித் துணி வாளியில இருக்கிறப்பவே குளிரெடுத்து, ரெண்டு காலும் விட்டுப் போச்சு. அங்கயே உக்காந்துட்டேன். மீதித் துணி இன்னும் வாளியிலதான் கெடக்கு."

சளி பிடித்தவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மூணு நாளா தொண்டை கரகரன்னு இருந்துச்சு, அப்புறம் மூக்கு" என்று இழுப்பார். சளி எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. அது மெதுவாக வரும், தொல்லை கொடுக்கும், அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலைக்குப் போவார். ஃப்ளூ வந்தவர் தான் எதைச் செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று சொல்லிவிடுவார். சட்டென்று வரும். காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல், எழுந்து உட்காரக்கூட முடியாத அசதி. மூக்கு ஒழுகலாம், ஒழுகாமலும் போகலாம். பாதித் துணியோடு உட்கார்ந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்பட்டதில்லை. சளிக்காக யாரும் துணியைப் பாதியில் விடுவதில்லை.

நெற்றியில் வெப்பமானியைக் காட்டினேன். சாதாரணமாக இருந்தது. கஸ்தூரி வெற்றி பெற்றவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மாத்திரை ஏதும் போட்டியா?"

"காய்ச்சல் மாத்திரை போட்டுட்டுதான் வந்தேன். வயித்துல புள்ள இருக்கிறப்ப அது போடலாம்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

போடலாம்தான். ஆனால் மாத்திரை போட்டபின் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது மாத்திரையின் எண், நோயாளியின் எண் இல்லை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை எடுத்து மாட்டினேன். ஏழு மாதக் கர்ப்பிணியிடம் நான் பார்க்க விரும்பாத எண் அதில் வந்தது. விரல் மாற்றி மாட்டினேன். அதே எண். இதற்குள் அவள் பேச்சையும் கவனித்துவிட்டேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"புள்ள அசையுதா?"

"அசையுதுக்கா." கொஞ்சம் யோசித்து, "இன்னிக்குக் கம்மிதான்" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் "லம்பாட்லா இந்தக் கடை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் மீது தப்பில்லை. தாமதமாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் ஆளை அவசரப்படுத்துவது நோய் மட்டுமில்லை, நோயாளிக்குப் பின்னால் நிற்கிற வரிசையும்தான். அன்று என் உதவியாளர் ஆ லிங்கை அடுத்த கவுண்டரைத் திறந்து வரிசையை அங்கே இழுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து, கஸ்தூரியை நாற்காலியில் உட்கார வைத்து, இருவருக்கும் முகக்கவசம் மாட்டினேன். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும் என்று சொன்னேன்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "ஐயோ, அதெல்லாம் வேணாம்கா. போனா அட்மிட் பண்ணிடுவாங்க. அவர் எழுந்திரிக்கவே முடியாமக் கெடக்குறாரு, அவருக்கு யாரு கஞ்சி வெப்பா?" பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒண்ணு பண்ணுங்கக்கா. கோவிட்டையும் ஃப்ளூவையும் சேத்துப் பாக்குற குச்சி டெஸ்ட் வெச்சிருக்கீங்கல்ல? அதுல ஒண்ணு குடுங்க, இங்கயே போட்டுப் பாப்போம். ஃப்ளூன்னு காட்டினா நீங்க சொல்ற எடத்துக்குப் போறேன். காட்டலன்னா வீட்டுக்குப் போறேன். சரியா?"

நியாயமான பேரம். அந்தப் பெட்டி கை எட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்கள். படித்த படிப்பு அப்படி. நான் எடுக்கவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அந்தக் குச்சி ஃப்ளூ என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று காட்டினால் அதை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது, நோய் இருந்தும் தவறவிடும். எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது, ஆக்ஸிஜன் குறைந்திருந்தது, வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்திருந்தது. குச்சி என்ன சொன்னாலும் அவள் போக வேண்டிய இடம் ஒன்றுதான். அப்படியிருக்க, வீட்டுக்குப் போக ஒரு காரணத்தை என் கையால் ஏன் கொடுக்க வேண்டும்? பதில் எதுவாக வந்தாலும் நீங்கள் செய்யப்போவது மாறாது என்றால், அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது நோயாளிக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிடும்.

முரளிக்குப் போன் போட்டேன். குரலே சரியாக வரவில்லை, ஆனாலும் அவன் என்னைத்தான் தேற்றினான். "அக்கா, எனக்குத்தான் ஃப்ளூ. அவளுக்கு ஒண்ணும் இல்லையே, மூக்குகூட ஒழுகல. பயப்படாதீங்கக்கா."

புருஷனும் பெண்சாதியும் ஒரே வாக்கியத்தை என்னிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் இருக்கும்வரை நான் என்ன சொன்னாலும் அதற்குள் போய் மூக்குச்சளியாகி விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மீது இல்லை, அந்தச் சொல்லின் மீது. அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன்.

"முரளி, ஃப்ளூவை விடு. நான் பாக்குறதைச் சொல்றேன், கேளு. உன் பொண்டாட்டியால நிக்க முடியல. ஒரு வார்த்தை பேசி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. புள்ள அசையுறது கொறஞ்சிருக்கு. இப்ப சொல்லு, நான் அவளை வீட்டுக்கு அனுப்பவா?"

 "வேணாம்கா, வேணாம். நீங்க சொல்ற மாதிரி செய்யுங்க" என்றான்.

கிளினிக்கில் தந்த கேப்சூலை உடனே போடச் சொல்லிவிட்டுப் போனைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். அவன் சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை. "அவர் பயந்துட்டாருக்கா. நீங்கதான் பயமுறுத்திட்டீங்க" என்று குறைபட்டுக்கொண்டாள். அப்போது நான் சொன்னதைக் கேட்டால் உங்கள் விரிவுரையாளர்களுக்குப் பிடிக்காது.

"கஸ்தூரி, இது விஷக்காய்ச்சல்" என்றேன்.

மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் கிடையாது. பேர் தெரியாத காய்ச்சலுக்கெல்லாம் நம்மவர்கள் அதைத்தான் சொல்வார்கள். நோயாளியை மிரட்டாதே, தெளிவான சொல்லால் விளக்கு என்றுதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள். ஆனால் அன்று என்னிடம் இருந்த தெளிவான சொல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. தெளிவில்லாத இந்தச் சொல்தான் அவளுக்கு உண்மையைச் சொன்னது. கேட்டதும் இரண்டு கையும் தானாகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. சிரிப்பு போய்விட்டது. பயந்து கிடந்து, நிம்மதியாகிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நிம்மதியை நான் என் வாயால் அழித்தேன். அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. ஆனால் அந்த முகம் மாறியது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"எந்திரிக்கிறேன்கா" என்றாள்.

போனில் ஒரு காரை வரவழைத்தோம். ஆ லிங் கூடப் போனாள். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும்போது "ஃப்ளூ" என்று எழுதவில்லை. இன்ஃப்ளுவென்சா என்று முழுதாக எழுதி, ஏழு மாதக் கர்ப்பம் என்பதற்கு அடிக்கோடு போட்டேன். கார் வந்ததும் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தப்போகும்போது கஸ்தூரி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. வாளியில துணி கெடக்கு. அலசிப் போடலன்னா நாறிப் போயிடும்."

சொல்கிறேன் என்றேன். அவள் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அன்றே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நுரையீரல் இரண்டும் பாதிக்கப்பட்டிருந்தது. பிள்ளையை அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கை அளவுதான் இருந்தாள் என்று பிறகு முரளி சொன்னான், ஆனால் பிழைத்துக்கொண்டாள். கஸ்தூரி பிழைக்கவில்லை.

செய்தி வந்தபோது நான் மருந்து வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை ஏன் உங்களிடம் மறைக்க வேண்டும்? அழுதுவிட்டு வந்து, மறுபடி கவுண்டரில் நின்றேன். முதலில் வந்தவர் சொன்னார், "ஆன்ட்டி, ஃப்ளூ மருந்து இருக்கா?" மூக்கு சிவந்து, கையில் டிஷ்யூ வைத்திருந்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

சரியாகச் செய்தால் எல்லாம் சரியாக முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். நான் அன்று செய்தது சரி. மறுபடி அந்த மதியம் வந்தாலும் அதையேதான் செய்வேன். இன்னும் தாமதமாக வந்திருந்தால் குழந்தையையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைக் கேட்டபோது ஆறுதலாக இருந்தது. ஆனால் போதவில்லை. இரண்டு உயிரில் ஒன்றோடு திரும்பி வருகிற நாளும் நம் வேலையில் உண்டு. அப்படிப்பட்ட நாளை எப்படித் தாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்குச் சொல்லித் தர எனக்கும் தெரியவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் முரளி கடைக்கு வந்தான். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. எதுவும் வாங்க வரவில்லை. கடையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்றான்.

"அக்கா, துணியை அலசிப் போட்டேன்" என்றான் முதலில். பிறகு, "டாக்டர் என்கிட்ட இன்ஃப்ளுவென்சான்னுதான் சொன்னாரு. நான்தான், ஃப்ளூதானே டாக்டர்னு கேட்டேன். ஆமான்னாரு. நான் சிரிச்சேன்கா. வீட்டுக்கு வந்து அவகிட்டயும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரு பொய் சொல்லலையே?"

"சொல்லல."

"அப்ப நானும் பொய் சொல்லலையே?"

"நீயும் சொல்லல, முரளி."

"ஆனா என்கிட்டேருந்துதானேக்கா அவளுக்கு வந்துச்சு?"

மருந்துக் கடையில் நிற்பவர்களிடம் இப்படிப்பட்ட கேள்விகளும் வரும். மருந்தைப் பற்றிக் கேட்பது போலவே கேட்பார்கள், பதிலுக்காக நம் முகத்தைப் பார்ப்பார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு சொல் அந்த வீட்டில் பொய்யான நிம்மதியைக் கொடுத்திருந்தது. இன்னொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"உன் வழியா வந்திருக்கலாம். உனக்கும் யாரோ ஒருத்தர் வழியாத்தான் வந்துச்சு. தெரிஞ்சு கொண்டாந்தவங்க யாரும் இல்ல."

 அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறைப்பிரசவக் குழந்தைக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் குழந்தை பக்கமே போகக்கூடாது என்றும், அவனும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். என்ன ஊசி என்று அவன் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கொஞ்ச நாளைக்கு முன்பு பாசாரில் மீன் வாங்கித் திரும்பும்போது, "அக்கா!" என்று குரல் கேட்டது. முரளி. அவன் கையைப் பிடித்தபடி ஒரு பெண் பிள்ளை. பாலர் பள்ளிச் சீருடை, இரண்டு பின்னல், கஸ்தூரியின் நெற்றி. மூக்கு ஒழுகி உதடுவரை வந்திருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, எதிரே இருந்த கடையில் அப்பம் வாங்கித் தரச் சொல்லி அப்பாவின் கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் ஒரு தடவை பாருங்களேன். இவளுக்கு மூக்கு ஒழுகுது." குரலைத் தாழ்த்தினான். "அதுவா?"

மீன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். "எப்போலேருந்துடா மூக்கு ஒழுகுது?"

"தெரியலையே" என்றாள். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி குதித்தாள்.

காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். இல்லை. சாப்பிடுகிறாளா? காலையிலிருந்து சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றான். நெற்றியைத் தொட்டேன், மூச்சைப் பார்த்தேன். அவளுக்கு அப்பம் வேண்டும், அவ்வளவுதான்.

"சளிதான், முரளி."

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"பாத்துட்டேன். காய்ச்சல் வந்தாலோ, சோந்து படுத்தாலோ உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இப்ப இது சளிதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

"வெறும் சளி."

அவன் சிரிக்கவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டு, கைக்குட்டையை எடுத்து மகளின் மூக்கைத் துடைத்துவிட்டான். பிறகு இருவரும் அப்பக் கடைக்குப் போனார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். கடைக்காரர் அப்பத்தை மடித்துக்கொண்டே பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஃப்ளூவா?" என்று கேட்டார், இந்த ஊரில் எல்லோரும் கேட்பது போல.

முரளி தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளை மட்டும், வீட்டில் பலமுறை சொல்லிக் கொடுக்கப்பட்டதைச் சொல்கிற மாதிரி, அவரை நிமிர்ந்து பார்த்துத் திருத்தமாகச் சொன்னாள்.

"ஃப்ளூ இல்ல அங்கிள். சளி."